எட்டுமணிக் கேக்

பலெம்பாங்
14 ஆகஸ்ட் 1994

அன்புத் தங்கை ருகியாவுக்கு ஸலாம்.

இங்கே நானும் விவினும் உன் மச்சானும் சுகம். வாத்துகள் பதினொன்றும் சுகம். நீயும் உன் கடைவாய்ப் பல்லும் சுகமா?

பாத்தாம் தீவில் கேக் கடையில் வேலை கிடைத்ததாக எழுதியிருந்தாய். சின்ன வயதில் மாவைப் பச்சையாகவே தின்றவளை நம்பி ஒருத்தி கடையைத் திறந்துவிட்டிருக்கிறாளே, அவளுக்குத் துணிச்சல்தான்.

இங்கும் கேக்தான். உன் மச்சான் பத்து நாள் இழுவைப் படகில் நிலக்கரி இழுக்கிறார், நாலு நாள் வீட்டில் இருக்கிறார். அந்த நாலு நாளும் எட்டு மணி நேரம் அடுப்படியில் கிடந்து எட்டுமணிக் கேக் வைக்கிறேன். பக்கத்து வீட்டு யூனிங் கேலி பேசுகிறாள். "ஏண்டி மஸ்னா, புருஷன் வந்தா கேக்கு, போனா கஞ்சியா?" என்கிறாள். அவளுக்கென்ன, அவள் புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம் ஆகிறது.

உன் மச்சானின் உம்மா, என் மாமி, மௌத்தாவதற்கு முன் போட்ட சட்டம் உனக்கு நினைவிருக்கும். "எட்டுமணிக் கேக்கு அடுப்புல இருக்கும்போது வீட்ல குரல் ஒசத்தக் கூடாது, கை ஓங்கக் கூடாது, அடுப்பங்கரைக் கதவத் தொறக்கக் கூடாது. மீறினா கேக்கு அமுங்கும், படகும் அமுங்கும்" என்பார். நீ அப்போது சிரித்தாய். உன் மச்சான் சிரிக்கமாட்டார். ஒருமுறை கேக் வேகும்போது கத்திவிட்டார். அந்த வாரமே இழுவைக் கயிறு அறுந்து அவர் கூட்டாளியின் கால் போயிற்று. அன்றிலிருந்து அடுப்பில் டப்பா ஏறிவிட்டால், ஆற்றுப் பக்கத்து வாசலில் தூண்டிலைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். கொசு கடித்தாலும் அடிக்கமாட்டார்.

மணிக்கட்டைப் பற்றி ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். அது நாலு வருஷத்துக்கு முந்திய கதை. மழை வந்தால்தான் வலிக்கும். மச்சான் இப்போது எவ்வளவோ பரவாயில்லை.

மற்றவை உன் பதில் கண்டு.
அக்கா மஸ்னா

---

பாத்தாம்
2 செப்டம்பர் 1994

அன்பு அக்காவுக்கு,

ஸலாம். சுகம், சுகமறிய ஆவல். பல்லைப் பிடுங்கியாயிற்று. இனி அதை விசாரிக்க வேண்டாம், விவினின் படிப்பைப் பற்றி எழுது.

மச்சான் திருந்தியதைப் படித்து நிம்மதி. ஆனால் உனக்குத்தான் புத்தி பேதலித்துவிட்டது. மாதம் எட்டு கேக்கா? ஒவ்வொன்றுக்கும் இருபது வாத்துமுட்டை! எங்கள் கடையிலும் எட்டுமணிக் கேக் உண்டு. ஒரே ஆவிப்பெட்டியில் பன்னிரண்டு டப்பா ஏற்றுகிறோம், முட்டை மூட்டைக் கணக்கில் வருகிறது. எட்டாயிரம் ரூபியாவுக்கு விற்றும் முதலாளியம்மாவின் கையில் வளையல் கூடிக்கொண்டே போகிறது. நீ ஒற்றை டப்பாவுக்கு எட்டு மணி நேரம் மண்ணெண்ணெய் எரிக்கிறாய். பழைய காலத்துப் பெண்கள் கடை இல்லாததால் வெந்தார்கள். உனக்கென்ன தலையெழுத்து?

வாங்கித் தின்றுவிட்டுக் காலை நீட்டிப் படு அக்கா. கைக்கும் நல்லது.

உன் தங்கை ருகியா

---

பலெம்பாங்
25 செப்டம்பர் 1994

அன்புத் தங்கைக்கு ஸலாம். யாவரும் சுகம்.

நீ எழுதியது தவறு. வீட்டில் செய்வதுதான் மலிவு. சீனி எழுநூறு, டின்பால் ஆயிரத்து நானூறு, வெண்ணெய் ஆயிரத்து ஐந்நூறு, ஆக மூவாயிரத்து அறுநூறு. முட்டை நம் வாத்து போடுவது, அதற்கு என்ன விலை? உங்கள் கடை எட்டாயிரம் கேட்கிறது. எது மலிவு என்று விவினே சொல்லுவாள். கடையில் வேலை பார்த்தால் கடைக்காரி மாதிரிப் பேசவேண்டும் என்பது இல்லை. வீட்டில் செய்வதுதான் மலிவு என்று நீயும் ஒருமுறை எழுதிவிடு. எனக்கு அது போதும்.

போன வாரம் படகு ஒரு நாள் முன்னதாக வந்துவிட்டது. அடுப்பில் ஒன்றும் இல்லை. அன்று கதவு காற்றில் அடித்து என் புருவத்தில் பட்டது. நாலு தையல். இந்த ஊர்க் காற்று உனக்குத் தெரியாததா?

விவின் மூன்றாம் வகுப்பில் இரண்டாவதாக வந்திருக்கிறாள்.

அக்கா மஸ்னா

தங்கச்சி, மச்சான் சர்னூபி எழுதுவது. தபால்பெட்டிக்கு நான்தானே போகிறேன், நானும் நாலு வரி எழுதினால் என்ன? உன் அக்கா கேக் மலிவு மலிவு என்று தலையில் அடித்துச் சொல்கிறாள். சீனி டப்பா மட்டும் ஓட்டை விழுந்தது மாதிரிக் காலியாகிறது. நீ தொழில் தெரிந்தவள். சரியான கணக்கை என் பெயருக்கே எழுதி அனுப்பு. பொய்க் கணக்கு எனக்கு ஆகாது. படகில் ஒருவன் எண்ணெய்க் கணக்கில் விளையாடினான், இரண்டு பல்லைக் கையில் கொடுத்துக் கரையில் இறக்கிவிட்டேன். ஹா ஹா. உடம்பைப் பார்த்துக்கொள்.

---

பாத்தாம்
10 அக்டோபர் 1994

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

ஸலாம். நலம். நீங்கள் நாலு வரி எழுதியதே எனக்குப் பெருநாள் மாதிரி.

கணக்கு கேட்டீர்கள். அக்கா பாவம், முட்டையை ஒளித்துவிட்டாள். வாத்து நம்முடையது என்றாலும் முட்டை சந்தையில் இருநூற்றைம்பது போகிறதே! இருபது முட்டை ஐயாயிரம். மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர் அறுநூறு. அக்கா சொன்ன மூவாயிரத்து அறுநூறையும் சேர்த்தால் ஒன்பதாயிரத்து இருநூறு. கடையில் எட்டாயிரம். ஒவ்வொரு கேக்குக்கும் ஆயிரத்து இருநூறு தண்ணீரில் போகிறது. அக்காவின் உழைப்பை நான் சேர்க்கவே இல்லை.

அவளை அடுப்படியிலிருந்து காப்பாற்றுங்கள் மச்சான். இத்துடன் எங்கள் கடைக் கேக் ஒன்றைத் தெரிந்தவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். சாப்பிட்டுப் பார்த்து நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

பணிவுடன்,
ருகியா

---

பலெம்பாங்
30 நவம்பர் 1994

தங்கைக்கு ஸலாம். சுகம்.

கடிதம் தாமதமாகிவிட்டது. உன் கேக் நன்றாக இருந்தது. எல்லாரும் சாப்பிட்டார்கள்.

இப்போது நான் கேக் வைப்பதில்லை. ஆவிக்குண்டானும் இல்லை. நேரம் நிறைய இருக்கிறது. குளிக்கும் படித்துறையில் வழுக்கி விழுந்ததில் முன்பல் ஒன்று போய்விட்டது. எழுத்து கோணலாக இருக்கும், இடது கையால் எழுதுகிறேன்.

மழை நிற்கவில்லை.

மஸ்னா

தங்கச்சி, கேக் அருமை. உன் கணக்கு அதைவிட அருமை. உன் அக்காவுக்கு முட்டை எண்ணக் கற்றுக்கொடுத்துவிட்டேன். இனி மறக்கமாட்டாள். ச.

---

பாத்தாம்
12 டிசம்பர் 1994

அக்கா,

ஸலாம். நான் சுகம். நீ சுகமில்லை.

எந்தப் படித்துறை? நம் வீட்டுப் பக்கத்தில் மரப்பலகைதான் உண்டு, நீ அதில் ஓடி விளையாடியவள். கை ஏன் இடது? கேலி இல்லை, திட்டு இல்லை, வாத்துகளைப் பற்றி ஒரு வரி இல்லை. இது உன் கடிதமே இல்லை.

உடனே பதில் எழுது. இரண்டு வரி போதும்.

ருகியா

---

பலெம்பாங்
3 ஜனவரி 1995

அன்புள்ள சாச்சிக்கு விவின் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நல்லா இருக்கேன். நீங்க நல்லா இருக்கீங்களா?

நீங்க எழுதின கடிதத்தை வாப்பா அடுப்புல போட்டுட்டாங்க. உம்மாவுக்குக் காட்டலை. எல்லாக் கடிதத்தையும் வாப்பாதான் முதல்ல படிப்பாங்க. உம்மா எழுதுறதையும் படிப்பாங்க. அதனால இதை யூனிங் மாமி வீட்டுல உக்காந்து எழுதுறேன். மாமியே தபால்ல போடுவாங்க. பதிலை மாமி பேருக்கு அனுப்புங்க.

நீங்க கணக்கு எழுதின கடிதம் வந்த அன்னிக்கு வாப்பா அதைச் சத்தமா படிச்சாங்க. அப்புறம் "என் வீட்டு முட்டையத் தின்னுட்டு எனக்கே பொய்க் கணக்கா? எத்தன முட்டை? எண்ணுடி"ன்னு கேட்டாங்க. உம்மா ஒண்ணுன்னு சொன்னாங்க. வாப்பா ஒண்ணு அடிச்சாங்க. அப்படியே ரெண்டு, மூணு. நான் பதினொண்ணு வரைக்கும் எண்ணினேன். அப்புறம் காதைப் பொத்திக்கிட்டேன். அப்புறம் வாப்பா ஆவிக்குண்டானை உதைச்சு ஆத்துல தள்ளினாங்க. உம்மா வாயெல்லாம் ரத்தம். அந்தப் பழைய மணிக்கட்டு திரும்ப உடைஞ்சிருக்குன்னு வைத்தியர் சொன்னார். உம்மா வழுக்கி விழுந்தேன்னு சொன்னாங்க.

முன்னாடி கேக் வேகுற நாள்ல வாப்பா அடிக்கமாட்டாங்க. நானும் உம்மாவும் அடுப்பங்கரைக் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளேயே இருப்போம். நான் அங்கேதான் வாய்ப்பாடு படிப்பேன், தூங்குவேன். எட்டு மணி நேரம் ஒண்ணும் நடக்காது. இப்ப கேக் இல்லை.

கடைக் கேக் வேணாம் சாச்சி.

இப்படிக்கு,
விவின், மூன்றாம் வகுப்பு

---

பாத்தாம்
15 ஜனவரி 1995

மரியாதைக்குரிய மச்சானுக்கு,

ஸலாம். தாங்கள் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

வெட்கத்துடன் எழுதுகிறேன். என் கணக்கு தவறு, அக்கா சொன்னதுதான் சரி. சிங்கப்பூரிலிருந்து வரும் பணக்காரர்களுக்கு எங்கள் ஆவிப்பெட்டிக் கேக் பிடிக்கவில்லை. பலெம்பாங் வீட்டில், ஒற்றை டப்பாவில், எட்டு மணி நேரம் வெந்தது வேண்டும் என்கிறார்கள். இருபதாயிரம் கொடுத்து வாங்குகிறார்கள். பெருநாளுக்குப் பத்து கேக் தருவித்துக்கொடு என்று முதலாளியம்மா கேட்கிறார். நீங்கள் வீட்டிலிருக்கும் நாட்களில் தினம் ஒன்று வைத்தால் போதும். முன்பணமாக ஒரு லட்சம் மணியார்டர் செய்திருக்கிறேன், உங்கள் பெயருக்கே.

புது ஆவிக்குண்டான் வாங்குங்கள். மாமி சொன்ன முறைப்படியே வேகவேண்டும் என்பது வாங்குபவர்களின் நிபந்தனை. முறை தவறிய கேக்கை நாக்கில் வைத்ததும் கண்டுபிடித்துவிடுகிறார்களாம்.

பணிவுடன்,
ருகியா

---

பாத்தாம்
15 ஜனவரி 1995
யூனிங் அவர்கள் மூலம்

அக்கா,

ஸலாம். சுகம் விசாரிக்க எனக்கு வாயில்லை.

எல்லாவற்றையும் முதல் கடிதத்திலேயே எழுதியிருந்தாய். அவர் வீட்டிலிருக்கும் நாலு நாளும் கேக், கை ஓங்கக் கூடாது என்ற சட்டம், தூண்டில். நான் முட்டை எண்ணிக்கொண்டிருந்தேன். "எனக்கு அது போதும்" என்று கெஞ்சினாய். அதையும் படித்துவிட்டுப் பென்சிலைக் கூராக்கிக்கொண்டு கூட்டல் போட்டேன். உன் பல்லைத் தட்டியது நான். உன் கையை உடைத்தது நான். அவன் சும்மா என் கணக்கை வாசித்தான்.

அவனை இனி மச்சான் என்று எழுதமாட்டேன். இன்னொரு கடிதத்தில் எழுதியிருக்கிறேன், அது பொய். முதலாளியம்மா கேக் எதுவும் கேட்கவில்லை. பணம் என்னுடையது. அந்த மூதேவிக்குப் பணத்தைக் கண்டால் கண் தெரியாது, குண்டானை வாங்கிவிடுவான். உனக்கு உன் எட்டு மணி நேரம் திரும்பக் கிடைக்கும்.

ஆனால் எத்தனை எட்டு மணி நேரத்தை உனக்கு என்னால் வாங்கித்தர முடியும்? சம்பளத்தில் மாதம் இரண்டு கேக்குக்கு மேல் தாங்காது. வந்துவிடு. முந்தோக் துறைக்குத் தினம் காலை ஏழு மணிக்குப் படகு. அங்கிருந்து அடுத்த கப்பல். இந்தக் கடை முகவரி அவனுக்குத் தெரியும், அதனால் இங்கே வராதே. தஞ்சோங் பினாங்கில் முதலாளியம்மாவின் தங்கை ரொட்டிக்கடை வைத்திருக்கிறாள், மாடியில் ஓர் அறை. மார்ச் முதல் வாரத்துக்குள் நீ வராவிட்டால் நான் அங்கே வருவேன். ரொட்டி அறுக்கும் கத்தி கடையில் ஒரு முழ நீளம். கொண்டுவருவேன். என் கை நடுங்காது அக்கா, சத்தியம்.

ருகியா

---

பலெம்பாங்
4 பிப்ரவரி 1995

தங்கைக்கு ஸலாம். யாவரும் சுகம். நோன்பு நாலு போயிற்று.

பணம் கிடைத்தது. புதுக் குண்டான் வாங்கியாயிற்று. பழையதைவிடப் பெரியது, எட்டு மணி நேரத்துக்கும் தண்ணீர் ஒரே தடவையில் ஊற்றலாம். கை கூடி வருகிறது. கேக்குகள் தயாரானதும் அனுப்பிவைக்கிறேன். ரொட்டிக் கத்தியை ரொட்டிக்கு மட்டும் வைத்துக்கொள்.

மஸ்னா

தங்கச்சி, வியாபாரம் என்றால் இப்படி இருக்கவேண்டும். பத்து என்ன, இருபதாகக் கேள். உன் அக்காவுக்கு வேறென்ன வேலை? கத்தி விஷயம் புரியவில்லை, பெண்கள் சமாசாரம் போல. ச.

---

முந்தோக் துறை
20 பிப்ரவரி 1995

என் ருகியாவுக்கு,

ஸலாம். நான் சுகம். விவின் சுகம், என் மடியில் தூங்குகிறாள். வாத்துகளை யூனிங்குக்கு எழுதிவைத்துவிட்டேன்.

நாளை தஞ்சோங் பினாங்குக்குக் கப்பல், நீ அங்கே வந்துவிடு. இந்தக் கடிதத்துக்கு முன்னால் நானே உன் எதிரில் வந்து நின்றாலும் நிற்பேன். இருந்தும் எழுதுகிறேன். வேறு யாரும் வாசிக்காத கடிதம் எழுதிப் பத்து வருஷம் ஆயிற்று, கை சும்மா இருக்கவில்லை.

முதலில் இதைக் கேள். என் பல்லைத் தட்டியது நீ இல்லை. அவன். கூட்டல் போடுகிற எல்லாரும் பல்லைத் தட்டுவதில்லை. இனி அந்தப் பேச்சை என்னிடம் எடுத்தால் உன்னைக் கரண்டியால் அடிப்பேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். புதுக் குண்டான் வந்த அன்று மாலை, வேலை முடிந்ததும் கொதிக்கிற தண்ணீரை அண்டாவில் இறக்கினேன். அவன் பாயில் வாயைத் திறந்து தூங்கினான். அண்டாவைத் தூக்கிக்கொண்டு அவன் தலைமாட்டில் போய் நின்றேன். உடைந்த கை எப்படித் தாங்கியதோ தெரியாது. முகத்தில் ஊற்றவா, வயிற்றில் ஊற்றவா என்று நிதானமாக யோசித்தேன். எண்ணி எண்ணி ஊற்றலாம் என்று கூடத் தோன்றியது. பாவம் என்று ஒரு துளி நினைக்கவில்லை. விவின் வாசலில் வந்து, "உம்மா, அதக் கீழ வையி. எனக்குப் பசிக்குது" என்றாள். வைத்தேன். அன்றுதான் தெரிந்தது, இன்னும் ஒரு மாதம் இருந்தால் அவன் என்னைக் கொல்லுவான் அல்லது நான் அவனைக் கொல்லுவேன். இரண்டில் எது நடந்தாலும் இவளுக்குச் சோறு போட ஆளில்லை.

இன்று விடிவதற்கு முன், நோன்பு வைக்கும் சோறு சாப்பிட்டதும் சொன்னேன், "இன்னிக்கு ருகியா கேட்ட அஞ்சாவது கேக்கு. கதவச் சாத்தப் போறேன்."

"சரி சரி" என்று தூண்டிலை எடுத்துக்கொண்டு ஆற்றுப் பக்கம் போனான்.

குண்டான் நிறையத் தண்ணீர் ஊற்றினேன். அடுப்பைப் பற்றவைத்தேன். டப்பாவை மூடி உள்ளே வைத்தேன். அதில் ஒன்றுமில்லை ருகியா. ஒரு முட்டை கூட இல்லை. எப்போதும் கேக்கில் போடுகிற ரம்பை இலை இரண்டை வேலியிலிருந்து பறித்துத் தண்ணீரில் போட்டேன், வாசனைக்கு. முதல் ஆவி கிளம்பியதும் வீடு முழுக்கக் கேக் மணம்.

அரைமணி கழித்து அவன் கதவுக்கு வெளியே வந்து நின்றான். நான் திறக்கவில்லை. குசுகுசுவென்று கேட்டான், "எல்லாம் நல்லா வருதா?"

"வருது. இன்னும் ஏழரை மணி நேரம்."

"நான் ஒண்ணும் சத்தம் போடலியே?"

"இல்ல. அப்படியே இருங்க."

கால் விரலை ஊன்றித் திரும்பிப் போனான். பத்து வருஷத்தில் அவன் என்னிடம் அனுமதி கேட்டது அது ஒருமுறைதான். யூனிங் பின்பக்கச் சந்து வழியாக உள்ளே வந்தாள். "போடி, நான் கொஞ்ச நேரம் கரண்டியத் தட்டிக்கிட்டு இருக்கேன். பின்னால நானும் நழுவிடுறேன்" என்றாள். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன், அழ நேரமில்லை. விவினை இழுத்துக்கொண்டு சந்தில் இறங்கினேன், முனையில் மிதிரிக்‌ஷா நின்றது. ஏழு மணிப் படகு ஏழேகாலுக்குத்தான் கிளம்பியது. அந்தக் கால்மணியில் என் தலைமுடி நரைத்திருந்தால் நீதான் பார்த்துச் சொல்லவேண்டும்.

இப்போது இங்கே மணி ஒன்று. அங்கே அவன் இன்னும் கை ஓங்காமல் உட்கார்ந்திருக்கிறான். இன்னும் அரைமணி நேரம் கொசுவைக்கூட அடிக்கமாட்டான். அதன் பிறகு மூடியைத் திறந்து பார்க்கட்டும்.

உனக்குக் கணக்கு பிடிக்குமே, எழுதிக்கொள். முட்டை இல்லை. டின்பால் இல்லை. சீனி இல்லை. வெண்ணெய் இல்லை. ரம்பை இலை வேலியில் கிடைத்தது. மண்ணெண்ணெய் இரண்டு லிட்டர். ஆக மொத்தம் அறுநூறு ரூபியா.

நான் அப்போதே சொன்னேன், வீட்டில் செய்வதுதான் மலிவு.

உன் அக்கா
மஸ்னா